மணி அடிக்கும் முன்பே தண்ணீர் கேட்கும் குழந்தை

இரண்டாம் வகுப்பு. முதல் பாடவேளை முடிவதற்குள் ஒரு குழந்தையின் தண்ணீர் பாட்டில் காலியாகிவிடுகிறது. "டீச்சர், தண்ணி பிடிச்சிட்டு வரட்டுமா?" என்கிறது. போய் வந்த பத்து நிமிடத்தில், "டீச்சர், ஒன்னுக்கு" என்று எழுந்து நிற்கிறது. மூன்றாவது முறை கேட்கும்போது, "உட்கார், மணி அடிக்கட்டும்" என்று சொல்லிவிடுகிறோம். வகுப்பைத் தட்டிக்கழிக்கிறது என்று நினைப்பது இயல்புதான். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் சில நேரங்களில் அந்தத் தாகம் ஒரு நோயின் முதல் அறிகுறி. அதை முதலில் கவனிக்கும் வாய்ப்பு பெற்றோருக்கு இணையாக நமக்கும் இருக்கிறது.

இயல்பான தாகம்

வெயில், விளையாட்டு, உப்பு மிகுந்த பாக்கெட் தின்பண்டங்கள், காய்ச்சல், வயிற்றுப்போக்கு ஆகியவை தாகத்தைக் கூட்டும். மூக்கடைப்பால் வாய் வழியாக மூச்சுவிடும் குழந்தைக்கு வாய் உலரும். புது பாட்டில் வாங்கிய மகிழ்ச்சியில் அடிக்கடி குடிக்கும் குழந்தைகளும் உண்டு. இத்தகைய தாகம் காரணம் நீங்கியதும் அடங்கிவிடும்.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ளலாம். வியர்வையாலோ வயிற்றுப்போக்காலோ உடலில் நீர் குறைந்தால் சிறுநீர் குறைவாகவும் அடர்மஞ்சளாகவும் போகும். உடல் நீரைச் சேமிக்கிறது என்று பொருள். நிறையக் குடித்து, நிறையச் சிறுநீரும் கழித்து, அப்போதும் நாக்கு உலர்ந்து தவிக்கிறது என்றால் உடலால் நீரைத் தக்கவைக்க முடியவில்லை. அந்தக் குழந்தைக்குப் பரிசோதனை தேவை.

சர்க்கரை நீரை இழுத்துச் செல்லும்போது

இவ்வகைத் தாகத்துக்கு நாம் முதலில் நினைக்க வேண்டிய காரணம் முதல் வகை நீரிழிவு. உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுவதால் இது வருகிறது. இன்சுலின் இல்லாமல் இரத்தத்தில் உள்ள சர்க்கரை செல்களுக்குள் போக முடியாது. அதன் அளவு டெசிலிட்டருக்குச் சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டும்போது சிறுநீரகத்தால் தடுத்து நிறுத்த முடியாமல் சர்க்கரை சிறுநீரில் இறங்குகிறது. இறங்கும்போது நீரையும் சேர்த்து இழுத்துச் செல்கிறது. அதனால்தான் அடிக்கடி சிறுநீர். அதனால்தான் அடங்காத தாகம். உண்ட உணவு பயன்படாததால் குழந்தை நன்றாகச் சாப்பிட்டும் மெலிகிறது, சோர்ந்துபோகிறது.

தாகம், அடிக்கடி சிறுநீர், எடை குறைதல், சோர்வு என்ற இந்த நான்கையும் சேர்த்துப் பாருங்கள். படுக்கையை நனைப்பதை நிறுத்திவிட்ட குழந்தை மீண்டும் நனைக்கத் தொடங்குவதும், சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்ப்பதும் பெற்றோரிடம் கேட்டால் தெரியவரும்.

இனிப்பு அதிகம் தின்றதால் இந்நோய் வருவதில்லை. ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுவதும் இல்லை.

வேறு காரணங்கள்

சர்க்கரை அளவு சரியாக இருந்தும் தாகமும் சிறுநீரும் மிகுந்திருந்தால் மருத்துவர்கள் வேறு காரணம் தேடுவார்கள். நீரைச் சேமிக்கச் சொல்லும் வாசோபிரெசின் என்ற ஹார்மோன் மூளையில் போதிய அளவு சுரக்காமல் இருக்கலாம். அல்லது அதன் கட்டளையைச் சிறுநீரகம் ஏற்காமல் இருக்கலாம். அப்போது சிறுநீர் பச்சைத் தண்ணீர்போல் போகும். சில சிறுநீரக நோய்களும் சில மருந்துகளும்கூடத் தாகத்தை உண்டாக்கும். எதுவாக இருந்தாலும் குழந்தைக்குத் தண்ணீரை மறுக்கக் கூடாது. வாசோபிரெசின் குறைபாடு உள்ள குழந்தைக்குத் தண்ணீர் தடுக்கப்பட்டால் சில மணி நேரத்திலேயே ஆபத்து நேரலாம்.

தாமதித்தால்

முதல் வகை நீரிழிவு கவனிக்கப்படாமல் போனால், உடல் ஆற்றலுக்காகக் கொழுப்பை எரிக்கிறது. அதில் உருவாகும் கீட்டோன் அமிலங்கள் இரத்தத்தில் சேர்கின்றன. வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த வேகமான மூச்சு, மூச்சில் அழுகிய பழ வாடை, மயக்கம் கலந்த தூக்கம் ஆகியவை இதன் அடையாளங்கள். "சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை" என்று இதைத் தவறாக எண்ணிவிடுவோம். சில நாட்களாகத் தாகத்தில் தவித்த குழந்தை வாந்தி எடுத்தால் காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழைத்து, பெற்றோருக்கும் சொல்லி, உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

• கேட்கும்போதெல்லாம் தண்ணீர் குடிக்கவும் கழிவறைக்குப் போகவும் அனுமதியுங்கள். எத்தனை முறை என்று இரண்டு நாள் குறித்துவையுங்கள். குழந்தை மெலிந்தோ சோர்ந்தோ இருந்தால் அந்த இரண்டு நாளும் வேண்டாம்.

• பெற்றோரை அழைத்து, பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். "உங்கள் பிள்ளைக்குச் சர்க்கரை நோய்" என்று சொல்வது நம் வேலையன்று. "இன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருமுறை சர்க்கரை பார்த்துவிடுங்கள்" என்பது போதும். விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம். ஒரு நிமிடத்தில் முடிவு தெரியும். இந்த அறிகுறிகளோடு எந்த நேரத்திலும் அளவு 200 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது நீரிழிவு.

• வேலைக்குப் போகும் பெற்றோர் நாளைத் தள்ளக்கூடும். மாலையில் மீண்டும் ஒருமுறை விசாரியுங்கள்.

சிகிச்சைக்குப் பின்

1922 ஜனவரியில் கனடாவின் டொரண்டோ நகரில் 14 வயது லியனார்ட் தாம்சனுக்கு இன்சுலின் முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. அதற்கு முன் இந்நோய் வந்த குழந்தைகள் நெடுநாள் வாழ்ந்ததில்லை. இன்று இன்சுலினோடு அவர்கள் படிக்கிறார்கள், ஓடுகிறார்கள், போட்டிகளில் வெல்கிறார்கள். இன்சுலினை நிறுத்திவிட்டு வேறு எதையும் நம்பக் கூடாது என்பதைப் பெற்றோருக்கு நாமும் நினைவூட்டலாம்.

இன்சுலின் போடும் குழந்தைக்குச் சர்க்கரை திடீரெனக் குறையவும் கூடும். நடுக்கம், வியர்வை, குழப்பம், திடீர்க் கோபம் தெரிந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மீண்டும் கொடுங்கள். நினைவிழந்த குழந்தையின் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். ஊசி போட ஒரு மறைவிடமும், பாடவேளையில் சிற்றுண்டி உண்ண அனுமதியும் அந்தக் குழந்தைக்குத் தேவை.

இத்தாலியின் பார்மா பகுதியில் 1990களில் ஒரு முயற்சி நடந்தது. தாகம், அடிக்கடி சிறுநீர், மீண்டும் படுக்கை நனைத்தல் ஆகியவற்றைக் கவனிக்கச் சொல்லும் சுவரொட்டிகளைப் பள்ளிகளில் ஒட்டினார்கள். மருத்துவர்களுக்கும் தகவல் தந்தார்கள். புதிதாக நீரிழிவு கண்டறியப்பட்ட குழந்தைகளில் அமில நிலைக்குப் போன பிறகு வந்தவர்கள் முன்பு 78 சதவீதம். அது 12.5 சதவீதமாகக் குறைந்தது. நம் ஆசிரியர் அறையிலும் அப்படி ஒரு தாளை ஒட்டிவைக்கலாம். நாளை "டீச்சர், தண்ணி" என்று ஒரு குழந்தை மூன்றாம் முறை எழுந்து நின்றால், போய்வரச் சொல்லிவிட்டு, அதன் முகத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள்.