சிவகிரி சேர்ந்திருந்தால், சேத்தூர் பிரியாமல் இருந்திருந்தால்? புலித்தேவர் போரில் ஒரு ‘ஒருவேளை’

ஏதென்ஸ் ஸ்பார்ட்டாவை வென்றிருந்தால் உலகம் எப்படி மாறியிருக்கும்? கி.மு. 431 முதல் 404 வரை நடந்த பெலொப்பொனீசியப் போரை வைத்து இப்படிக் கேள்வி கேட்டுக் கற்பனை செய்வதற்கு ‘மாற்று வரலாறு’ என்று பெயர். இது இன்றைய ஃபேஷன் என்று நினைக்க வேண்டாம். அலெக்சாண்டர் ரோம் பக்கம் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று 2,000 ஆண்டுகளுக்கு முன்பே ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதிப் பார்த்திருக்கிறார். ரோம்தான் ஜெயித்திருக்கும் என்பது அவருடைய பதில். வேறென்ன சொல்வார்?

இந்தக் கேள்வியைக் கேட்க கிரேக்கம் வரைக்கும் போக வேண்டியதில்லை. மதுரையிலிருந்து தென்காசிக்கு பஸ்ஸில் போனால் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சேத்தூர், சிவகிரி, வாசுதேவநல்லூர் என்று மேற்கு மலையடிவாரத்தில் ஊர்கள் வரிசையாக வரும். 1755 முதல் 1761 வரை இங்கே நடந்த போரிலும் ஒரு பெரிய ‘ஒருவேளை’ இருக்கிறது.

பாளையம் என்றால் என்ன?

ராஜபாளையத்தின் பெயரிலேயே அந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 16-ம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் விசுவநாதரும் தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்ததாகச் சொல்லப்படுகிறது. பாளையக்காரர் வரி வசூலிப்பார், வழக்கு தீர்ப்பார், சொந்தப் படையும் கோட்டையும் வைத்திருப்பார். மேலே ஒரு அரசு இருந்தாலும் உள்ளூரில் அவர் வைத்ததுதான் சட்டம். அளவில் சின்னது, ரோஷத்தில் பெரியது என்று பார்த்தால், கிரேக்க நகர அரசுகளுக்கு நம்ம ஊரில் இதைவிட நெருக்கமான உறவு கிடைக்காது. பக்கத்து ஊரோடு தீராத பகை என்பதிலும் அப்படித்தான்.

போர் எப்படித் தொடங்கியது?

ஆற்காடு நவாபுக்காக கப்பம் வசூலிக்க 1755-ல் கர்னல் ஹெரான் தலைமையில் கம்பெனிப் படை தெற்கே வந்தது. நவாபின் அண்ணன் மாபூஸ் கானும் உடன் வந்தார். நெற்கட்டும்செவல் புலித்தேவர் பணம் தர மறுத்தார். கோட்டையை உடைக்கப் பெரிய பீரங்கி இல்லை, வீரர்களுக்குச் சம்பளமும் இல்லை. ஹெரான் வந்த வழியே மதுரைக்குத் திரும்பினார்.

அதன்பிறகு புலித்தேவர் செய்ததுதான் முக்கியம். மேற்குப் பாளையங்களை ஒரே அணியாகச் சேர்த்தார். திருவிதாங்கூர் அரசர் படை அனுப்பினார். களக்காட்டில் மாபூஸ் கானின் படை தோற்றது. இன்று பால்கோவாவுக்காக பஸ் நிற்கும் ஸ்ரீவில்லிபுத்தூரில் அன்று ஒரு கோட்டை இருந்தது. நவாபின் சகோதரர் அப்துல் ரஹீம் பொறுப்பில் இருந்த அந்தக் கோட்டையும் கூட்டணியின் கைக்குப் போனது. ஆனால் 1756 மார்ச்சில் திருநெல்வேலி அருகே நடந்த சண்டையில் புலித்தேவரின் நண்பர் முடேமியா கொல்லப்பட, அந்த வேகம் அங்கேயே நின்றது.

யார் சேரவில்லை?

இங்கேதான் பலரும் ஒரு தப்புக் கணக்கு போடுவார்கள்: ‘புலித்தேவரும் வீரபாண்டிய கட்டபொம்மனும் கை கோத்திருந்தால்!’ அதற்கு வாய்ப்பே இல்லை. கட்டபொம்மன் பிறந்ததே 1760-ல். அப்போது பாஞ்சாலங்குறிச்சியை ஆண்டவர்கள் அவருடைய முன்னோர்கள். அவர்கள் கூட்டணியில் சேரவில்லை. எட்டயபுரமும் சேரவில்லை. ராமநாதபுரமும் புதுக்கோட்டையும் கம்பெனி பக்கம்.

ஆனால் வலித்த இடம் சிவகிரி. மேற்கின் மறவர் பாளையங்கள் எல்லாம் புலித்தேவரோடு நின்றபோது, பக்கத்திலேயே இருந்த சிவகிரி மட்டும் ஒதுங்கியது. கிரேக்கத்திலும் இதே கதைதான். கி.மு. 480-ல் பாரசீகப் பேரரசு படையெடுத்து வந்தபோது, ஸ்பார்ட்டாவோடு இருந்த பகையால் ஆர்கோஸ் நகரம் போருக்கே வரவில்லை. துரோகம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம், ஈஸிதான். ஆனால் சிவகிரிக்காரரின் இடத்திலிருந்து பாருங்கள்: கம்பெனி எங்கோ மெட்ராஸில் இருக்கிறது, வளர்ந்துகொண்டே போகும் நெற்கட்டும்செவல் வாசலில் இருக்கிறது. யாரைப் பார்த்து முதலில் பயப்படுவார்?

அடுத்த அடி கூட்டணிக்குள்ளிருந்தே வந்தது. கம்பெனியின் தளபதி யூசுப் கான், அதாவது மருதநாயகம், திருச்சியிலிருந்து பெரிய பீரங்கிகள் வருவதற்காகக் காத்திருந்தார். ஆங்கிலேயருக்கு பிரெஞ்சுக்காரர்களோடு போர் நடந்துகொண்டிருந்ததால், 1760 செப்டம்பரில்தான் அவை வந்து சேர்ந்தன. புலித்தேவர் உதவி கேட்ட ஹைதர் அலியால் வர முடியவில்லை, அவருக்கு மராட்டியரோடு சண்டை. 1761 ஜனவரியில் பாண்டிச்சேரி விழுந்ததும் பிரெஞ்சு நம்பிக்கையும் போச்சு. திருவிதாங்கூர், சேத்தூர், ஊத்துமலை, சுரண்டை ஒவ்வொன்றாக எதிர்முகாமுக்குப் போயின. 1761 மே 16-ல் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் என மூன்று கோட்டைகளும் யூசுப் கான் கைக்கு வந்தன.

சரி, சிவகிரி சேர்ந்து, சேத்தூர் நின்றிருந்தால்?

மேப்பைப் பாருங்கள். ராஜபாளையத்துக்குத் தெற்கே சேத்தூர், சிவகிரி, வாசுதேவநல்லூர் மூன்றும் ஒரே கோட்டில் இருக்கின்றன. மூன்றும் ஒரே பக்கம் நின்றால், வடக்கிலிருந்து வரும் படை ஒவ்வொரு கோட்டையாக உடைத்துக்கொண்டுதான் நெற்கட்டும்செவலுக்குப் போக முடியும். ஒரே கோட்டையை அடிக்கவே யூசுப் கானுக்கு இரண்டு மாதம் பிடித்தது. மேற்கே மலையும் காடும் பாளையக்காரர்களுக்குப் பின்வாசல். இந்தப் போர் இன்னும் சில வருடங்கள் இழுத்திருக்கும் என்பது அதிகப்படியான கற்பனை இல்லை.

அந்தச் சில வருடங்களில் என்ன நடந்தது? 1763-ல் யூசுப் கானே நவாபையும் கம்பெனியையும் எதிர்த்து மதுரையில் கொடி தூக்கினார். 1764 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார். அவர் தனியாக நின்றதற்கு ஒரு காரணம், துணைக்கு வரக்கூடிய மேற்குப் பாளையங்களை அவரே மூன்று வருடம் முன்பு உடைத்திருந்தார். 1767-ல் முதல் மைசூர்ப் போர். 1769-ல் ஹைதர் அலி மெட்ராஸ் வாசலுக்கே வந்து கம்பெனியை உடன்படிக்கைக்கு இறங்க வைத்தார். அந்த நேரத்தில் தெற்கில் உடையாத ஒரு மலையடிவாரக் கூட்டணி இருந்திருந்தால், கம்பெனி இரண்டு பக்கமும் சண்டை போட வேண்டியிருக்கும்.

அப்படியானால் வெள்ளைக்காரன் வந்திருக்கவே மாட்டானா? அவ்வளவு தூரம் போக முடியாது. கடலும் கப்பலும் கம்பெனி கையில் இருந்தன. வங்காளத்து வருமானமும் வந்துகொண்டிருந்தது. ஹைதர் அலியும் பாளையங்களை விடுவிக்க வந்த வள்ளல் கிடையாது. திண்டுக்கல் சீமைப் பாளையக்காரர்களை 1750-களில் அடக்கியவரே அவர்தான். கம்பெனிக்குக் கப்பம் கட்டாத பாளையங்கள் மைசூருக்குக் கட்டியிருக்கலாம்.

1799-ல் மறுபடியும் சிவகிரி

இந்த ‘ஒருவேளை’க்கு வரலாறு ஒரு ரீ-டேக் கொடுத்தது. 1799-ல் கட்டபொம்மன் நாகலாபுரம், மன்னார்கோட்டை, கோலார்பட்டி உள்ளிட்ட பாளையங்களைச் சேர்த்துக்கொண்டு குறிவைத்தது மலையடிவாரத்தில் இருந்த சிவகிரிக் கோட்டையை. அதன் பாளையக்காரர் அப்போதும் கம்பெனி பக்கம்தான். ஆனால் அவருடைய மகனே கட்டபொம்மனோடு சேர்ந்தார்! தனக்குக் கப்பம் கட்டும் சிவகிரி மீதான இந்த நகர்வை கம்பெனி தன் அதிகாரத்துக்கே விட்ட சவாலாக எடுத்துக்கொண்டது. மேஜர் பானர்மேன் படையோடு புறப்பட்டார். அக்டோபர் 16-ல் கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார்.

1801-ல் மருது சகோதரர்களும் ஊமைத்துரையும் வீழ்ந்த பிறகு, பாளையங்களின் கோட்டைகளை இடிக்கவும் படைகளைக் கலைக்கவும் கம்பெனி உத்தரவிட்டது. கூட நின்ற பாளையங்களுக்கும் கோட்டையும் படையும் மிஞ்சவில்லை. சிவகிரியும் சேத்தூரும் ஜமீன்களாயின. பாளையக்காரர் ஜமீன்தார் ஆனார். அதாவது, கம்பெனிக்கு வரி கட்டும் நில உரிமையாளர்.