சமைத்தவருக்கு ஒரு சபாஷ்!

ஓட்டப் போட்டி உண்டு. பாட்டுப் போட்டி உண்டு. மல்யுத்தப் போட்டியும் உண்டு.

இப்போது குழம்பும் ரசமும் போட்டிக்கு வந்துவிட்டன!

யார் கைப்பக்குவம் சிறந்தது? இதுதான் போட்டி. மேடையில் அடுப்பு. எதிரே கடிகாரம். ருசி பார்க்க நடுவர்கள். இதை டெலிவிஷனில் காட்டுகிறார்கள். மக்கள் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

நெல்லைச் சீமையும் இதற்கு விலக்கு இல்லை. பாபநாசம் மலையடிவாரம் முதல் ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால் வரை, தாமிரபரணிக் கரை நெடுக இதற்கு ரசிகர்கள் இருக்கிறார்கள்.

அடுப்பு எரிவது சென்னையில். நாக்கில் எச்சில் ஊறுவது நெல்லையில்!

அப்படி என்ன அதில் இருக்கிறது?

கோமாளி கையில் கத்தி

தமிழ்நாட்டில் இந்த மோகத்தைக் கிளப்பிவிட்டது, "குக் வித் கோமாளி" என்ற நிகழ்ச்சி. "குக்" என்றால் சமையல்காரர். கோமாளியைக் கூட வைத்துக்கொண்டு சமைக்க வேண்டும். அதுதான் பெயருக்கு அர்த்தம்.

2019 நவம்பர் மாதம் விஜய் டி.வி.யில் இது தொடங்கியது.

சமைக்க வருகிறவர்கள் பெரும்பாலும் நடிகர்கள், நடிகைகள். ஓரளவு சமைக்கத் தெரிந்தவர்கள். ஒவ்வொருவருக்கும் துணைக்கு ஒரு கோமாளி. கோமாளிக்குச் சமையல் தெரியாது. மல்லித்தழை எது, புதினா எது என்பதே அவருக்குக் குழப்பம்!

சில சுற்றுகளில் கோமாளிதான் சமைக்க வேண்டும். சமையல்காரர் தள்ளி நின்று வாயால் மட்டும் சொல்ல வேண்டும். "உப்பு" என்று இவர் கத்துவார். அவர் சர்க்கரையை அள்ளுவார். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு. சமைக்கிறவருக்குத் தலைவலி!

முதல் நான்கு போட்டிகளுக்குச் சமையல் நிபுணர்கள் தாமுவும் வெங்கடேஷ் பட்டும் நடுவர்களாக இருந்தார்கள். தாமு சாதாரண ஆள் இல்லை. 2010-ஆம் ஆண்டில், ஒரு நாள் முழுவதும் விடாமல் சமைத்துக் கின்னஸ் சாதனை படைத்தவர்.

2020-ல் வனிதா விஜயகுமார் வெற்றி பெற்றார். 2021-ல் கனி. 2022-ல் சுருதிகா. 2023-ல் மைம் கோபி. 2024-ல் பிரியங்கா. 2025-ல் வென்றவர், ராஜு ஜெயமோகன். இவர் நெல்லைச் சீமைக்காரர்!

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. கோமாளியாக வந்து எல்லோரையும் சிரிக்கவைத்தவர், பாடகி சிவாங்கி. 2023-ல் அவரே சமையல்காரராகப் போட்டியில் இறங்கினார். இறுதிச் சுற்று வரை போனார்!

கோமாளியும் கற்றுக்கொண்டால் சமைக்கலாம். "எனக்கு அடுப்படிப் பக்கமே தெரியாது" என்று சொல்லும் ஆண்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சீமையில் பிறந்த போட்டி

டெலிவிஷன் சமையல் போட்டி நம் ஊரில் பிறந்தது இல்லை.

1990-ல் இங்கிலாந்தின் பி.பி.சி. டெலிவிஷன், "மாஸ்டர் செப்" என்ற போட்டியைத் தொடங்கியது. 1993-ல் ஜப்பான்காரர்கள் "இரும்புச் சமையல்காரர்" என்று ஒரு போட்டி நடத்தினார்கள். அதில் சமையல்காரர்கள் மல்லர்களைப் போல மோதினார்கள்.

பிறகு "மாஸ்டர் செப்" பல நாடுகளுக்குப் பரவியது. 2010-ல் இந்தியாவுக்கு வந்தது. முதல் பட்டத்தை லக்னோ நகரப் பள்ளி ஆசிரியை பங்கஜ் பதூரியா வென்றார்.

2021-ல் தமிழுக்கு வந்தது. சன் டி.வி.யில் நடிகர் விஜய் சேதுபதி இதை நடத்தினார். தேவகி விஜயராமன் பட்டம் பெற்றார்.

கடல் கடந்தும் ஒரு தமிழர் கொடி நாட்டினார். அவர் பெயர் சசி செல்லையா. சிங்கப்பூரில் பிறந்தவர். அங்கே போலீஸ்காரராக இருந்தார். பிறகு ஆஸ்திரேலியாவில் சிறை அதிகாரி ஆனார். கைதிகளைக் காவல் காத்தவர், 2018-ல் கரண்டியைப் பிடித்தார். அந்த நாட்டின் "மாஸ்டர் செப்" பட்டத்தை வென்றார். பரிசு எவ்வளவு தெரியுமா? 2 லட்சத்து 50 ஆயிரம் டாலர்!

மேடை ஏறிய பழையது

அதே ஆஸ்திரேலியாவில், 2021-ல் ஒரு அதிசயம் நடந்தது.

வங்காளதேச வம்சாவளியைச் சேர்ந்த பெண்மணி கிஷ்வர் சவுத்ரி. இவர் இறுதிப் போட்டியில் நின்றார். உலகமே பார்க்கும் மேடை. நடுவர்களுக்கு அவர் என்ன கொடுத்தார்?

தண்ணீர் ஊற்றிய பழைய சோறு!

தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு மசியல். கூடவே சாளை மீன். "பாந்தா பாத்" என்பது அந்தச் சோற்றுக்கு வங்காளப் பெயர்.

நெல்லையில் அதற்குப் "பழையது" என்று பெயர். இரவில் மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். காலையில் சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு குடிப்பார்கள். முந்திய நாள் குழம்பைச் சுண்டவைத்தால் சுண்டக்கறி. அதுவும் பழையதும் சேர்ந்தால் வயலுக்குப் போகிறவருக்கு அமிர்தம்.

விருந்தாளி வந்தால் அதை மறைத்து வைப்பார்கள். ஏழைச் சாப்பாடு என்ற கூச்சம்.

அந்தச் சோற்றை நடுவர்கள் வாயில் வைத்தார்கள். ருசித்தார்கள். பாராட்டினார்கள். கிஷ்வருக்கு 3-வது இடம் கிடைத்தது. ஆனால் வங்காளிகள் மட்டுமா மகிழ்ந்தார்கள்? பழையது குடித்து வளர்ந்த ஊர் எல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தது!

முகத்தில் தெரியும் ருசி

டெலிவிஷனில் மணம் வராது. ருசியும் தெரியாது. வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு கொதிப்பதைக் காட்டலாம். அதன் வாசனையைக் காட்ட முடியாது.

பின் மக்கள் எதைப் பார்க்கிறார்கள்?

முகத்தைப் பார்க்கிறார்கள்!

நடுவர் கரண்டியை எடுக்கிறார். வாயில் வைக்கிறார். சமைத்தவர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறார். நடுவர் புருவம் உயர்கிறது. உதட்டில் சிரிப்பு வருகிறது. "பிரமாதம்!" என்கிறார். சமைத்தவர் கண்ணில் தண்ணீர் வருகிறது.

அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் இவ்வளவு கூட்டமும் காத்திருக்கிறது.

வீட்டில் பார்க்கும் ஆச்சிமாரும் சும்மா இருப்பது இல்லை. அவர்களும் நடுவர்கள்தான்! "தேங்காய்ப் பாலை இப்படிக் கொதிக்க விடுதாளே, திரிஞ்சி போகுமே!" என்று பதறுவார்கள். 50 வருஷம் அடுப்படியில் நின்ற அனுபவம் பேசுகிறது.

மாப்பிள்ளை வீட்டார் தீர்ப்பு

நெல்லைச் சீமைக்கு இத்தகைய பரீட்சை புதிது இல்லை.

திருநெல்வேலிச் சைவக் குடும்பங்களில், கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு விருந்து வைப்பது வழக்கம். அதில் சொதிதான் ராஜா.

தேங்காயைத் துருவி மூன்று முறை பால் பிழிவார்கள். காரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, முருங்கைக்காய் எல்லாம் மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் வேகும. வெந்த பாசிப்பருப்பு சேரும். பச்சை மிளகாயும் இஞ்சியும் காரம் கொடுக்கும். கெட்டியான முதல் பாலைக் கடைசியில்தான் ஊற்ற வேண்டும். ஊற்றிய பின் கொதிக்க விடக்கூடாது. விட்டால் பால் திரிந்துவிடும். கீழே இறக்கிய பிறகுதான் எலுமிச்சம்பழச் சாறு.

தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. தேங்காய்ப் பால் வயிற்றில் மந்தமாக நிற்காமல் இருக்க, இஞ்சி துணை என்பது பெரியவர்கள் கண்ட அனுபவம்.

பந்தியில் மாப்பிள்ளை வீட்டார் வரிசையாக உட்காருவார்கள். அவர்கள்தான் நடுவர்கள்! பெண் வீட்டாருக்கு நெஞ்சு படபடக்கும். "சொதி எப்படி?" என்பதுதான் கேள்வி. "இன்னும் கொஞ்சம் ஊற்றுங்க" என்ற பதில் வந்தால் போதும். பட்டம் கிடைத்த மாதிரி!

ஒரே வித்தியாசம். டெலிவிஷன் போட்டியில் சமைத்தவர் பெயர் எல்லோருக்கும் தெரியும். கல்யாணப் பந்தியில் சொதியைப் புகழ்வார்கள். அடுப்படியில் வியர்த்து நிற்கும் தவசுப்பிள்ளை யார் என்று யாரும் கேட்பது இல்லை.

அல்வாவுக்கு அவசரம் தெரியாது

டெலிவிஷன் போட்டியில் ஒரு குறையும் உண்டு. அங்கே கடிகாரம்தான் எஜமான். சில சமயம் ஒரு மணி நேரம். சில சமயம் அதற்கும் குறைவு. மணி அடித்தால் கையைத் தூக்கிவிட வேண்டும்.

திருநெல்வேலி அல்வாவை ஒரு மணி நேரத்தில் கிண்ட முடியுமா?

முடியாது!

சம்பா கோதுமையைத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். ஊறியதை ஆட்டிப் பால் எடுக்க வேண்டும். பாலை அசையாமல் வைத்துப் புளிக்கவிட வேண்டும். மேலே தெளிந்த நீரை வடிக்க வேண்டும். பிறகுதான் அடுப்பு. சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கை ஓய்ந்தால் அடி பிடிக்கும்.

"தாமிரபரணித் தண்ணீர்தான் அல்வாவுக்கு ருசி" என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். தண்ணீரோடு பொறுமையும் சேர்ந்தது அந்த ருசி. நெல்லையப்பர் கோவிலுக்கு எதிரே, சாயங்காலம் இருட்டுக்கடை வாசலில் நிற்கும் கூட்டமும் பொறுமையாகத்தான் நிற்கிறது!

கல்லிடைக்குறிச்சி அப்பளமும் அப்படித்தான். மாவைப் பிசைய வேண்டும். இடிக்க வேண்டும். தேய்க்க வேண்டும். காயவைக்க வேண்டும். இதற்கு எந்தக் கடிகாரமும் மணி அடிக்க முடியாது.

போட்டியில் ஜெயிப்பது வேகம். ஊர்ப் பெயரைக் காப்பாற்றுவது நிதானம்.

299 நிமிஷம்

இனி, வீட்டு அடுப்படிக்கு வருவோம்.

2019-ஆம் ஆண்டில் மத்திய அரசு நாடு முழுவதும் ஒரு கணக்கு எடுத்தது. மக்கள் ஒரு நாளில் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்று விசாரித்தது. 6 வயதுக்கு மேற்பட்டவர்கள் எல்லோரும் கணக்கில் வந்தார்கள்.

சமையல், பாத்திரம் கழுவுதல், துணி துவைத்தல் போன்ற சம்பளம் இல்லாத வீட்டு வேலையை 100 பெண்களில் 81 பேர் செய்தார்கள். 100 ஆண்களில் 26 பேர்தான் செய்தார்கள்!

அப்படிச் செய்த பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிஷம் உழைத்தார்கள். அதாவது ஏறக்குறைய 5 மணி நேரம். ஆண்கள் 97 நிமிஷம்.

டெலிவிஷன் போட்டியில் ஒரு மணி நேரம் சமைத்தால் கைதட்டல். பட்டம். பரிசு. பத்திரிகையில் படம்.

வீட்டில் மூன்று வேளையும் சமைக்கிறார்கள். என்ன கிடைக்கிறது?

உப்பு குறைந்தால் உடனே தீர்ப்பு வருகிறது! காரம் கூடினால் முகம் சுளிக்கிறது. எல்லாம் சரியாக இருந்தால்? மௌனம்! தட்டு காலியாகிறது. கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள்.

இப்போது புரிகிறதா, பெண்கள் ஏன் இந்தப் போட்டியை விரும்பிப் பார்க்கிறார்கள் என்று? புதுப் பலகாரம் கற்றுக்கொள்வது ஒரு காரணம். சிரிப்பது இன்னொரு காரணம். இவற்றைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. சமைத்த ஒருவரை நிறுத்தி, "நன்றாக இருக்கிறது" என்று முகத்துக்கு நேரே சொல்லும் இடம் அது!

கைப்பக்குவம் காட்டிக்கொடுத்தது

பாரதக் கதையில் நளன் மாறுவேடத்தில் இருந்தான். உருவம் மாறிவிட்டது. தமயந்திக்கு அடையாளம் தெரியவில்லை. அவன் சமைத்ததைக் கொண்டுவரச் சொல்லி ருசி பார்த்தாள். "இது என் கணவன் கைப்பக்குவம்" என்று கண்டுகொண்டாள்.

அதே பாரதத்தில் வீமனும் கரண்டி பிடித்தான். விராட ராஜன் அரண்மனையில் சமையல்காரனாக இருந்தான். கதாயுதம் தூக்கிய கைக்குக் கரண்டி இழுக்கு இல்லை!

ருசியை வைத்தே ஆளைத் தெரிந்துகொண்டாள் தமயந்தி. வீட்டில் தினமும் சாப்பிடுகிறவர்களுக்கு, சமைத்தவர் யார் என்று நினைத்துப் பார்க்கவாவது நேரம் வேண்டாமா?

இதற்குக் காசு செலவு இல்லை. மேடை வேண்டாம். விளக்கு வேண்டாம். கடிகாரம் வேண்டாம்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டில் முதல் கவளம் வாயில் போனதும், சமைத்தவர் காதில் விழும்படி "சபாஷ்" என்று சொல்லுங்கள்.

சாப்பிட்ட பிறகு தட்டை நீங்களே கழுவி வையுங்கள். அந்த 299 நிமிஷத்தில் 5 நிமிஷமாவது குறையட்டும்!