பேதி நின்ற பிறகுதான் ஆபத்து
ரத்தபேதியைத் தொடர்ந்து குழந்தைகளின் சிறுநீரகத்தை முடக்கும் நோய். சில சமயம் உடன் ஒளிந்திருக்கும் இன்னொரு கிருமி.

மும்பை தாராவியில் மழைக்காலம் என்றாலே வயிற்றுப்போக்குதான். சாக்கடையை ஒட்டிப் போகும் குடிநீர்க் குழாய்கள், பல குடும்பங்களுக்குப் பொதுவான கழிப்பறைகள் - கிருமிக்கு வேறென்ன வேண்டும்? பெரும்பாலான குழந்தைகள் உப்பு-சர்க்கரைக் கரைசலிலேயே தேறிவிடுகிறார்கள். ரத்தபேதி கண்ட சில குழந்தைகளுக்கோ, பேதி நின்று வீட்டார் நிம்மதியடையும் வேளையில் முகம் வெளுக்கிறது, சிறுநீர் குறைகிறது.

ஹீமோலிட்டிக் யுரீமிக் சிண்ட்ரோம் என்பது இதன் பெயர். 1955-ல் சுவிஸ் டாக்டர் கான்ராட் காசர் முதலில் விவரித்தார். கிருமியின் நச்சு சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக் குழாய்களைப் புண்ணாக்குகிறது. அங்கே சிறு கட்டிகள் உறைய, சிவப்பணுக்கள் சிதைகின்றன, பிளேட்லெட்டுகள் குறைகின்றன, சிறுநீரகம் ஓய்கிறது.

மேலை நாடுகளில் முக்கியக் குற்றவாளி ஈ.கோலை. 2011-ல் ஜெர்மனியில் முளைகட்டிய வெந்தயம் மூலம் பரவி 50 பேருக்கு மேல் பலிகொண்டது அதன் ஒரு வகைதான். இந்தியாவிலோ வெகுகாலம் சீதபேதிக் கிருமியான ஷிகெல்லா. தென்னிந்தியக் குழந்தைகளிடம் இதைக் கண்ட வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் 1978-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள்.

அபூர்வமாக இரண்டாவது கிருமியும் சேர்ந்துகொள்கிறது. புண்ணான குடல் வழியாகவோ டயாலிசிஸ் குழாய் வழியாகவோ ரத்தத்தில் நுழைகிறது. நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகாக்கஸோ, பேதியே இல்லாமல் தானாகவே இந்த நோயை வரவழைக்கக் கூடியது. அப்போது சிகிச்சையும் மாறும்: பிளாஸ்மா ஏற்றுவதை டாக்டர்கள் பொதுவாகத் தவிர்க்கிறார்கள். எனவே காய்ச்சல் தணியாவிட்டால் சிறுநீரகத்தை மட்டும் பார்த்தால் போதாது. ரத்தக் கல்ச்சரும் மார்பு எக்ஸ்-ரேயும் தேவை.

இது குடிசைக்கு மட்டுமான நோயல்ல. மாதுங்கா, செம்பூர் அடுக்குமாடிக் குழந்தைக்கும் வரலாம். தாராவியை ஒட்டி சயான் மருத்துவமனை, பரேலில் குழந்தைகளுக்கென்றே வாடியா மருத்துவமனை என உதவி தூரத்தில் இல்லை. தாமதம்தான் எதிரி. நேரத்தோடு ரத்தமும் டயாலிசிஸும் கிடைத்தால் பேதியால் வந்த நோயிலிருந்து பல குழந்தைகள் மீள்கிறார்கள்.

ரத்தபேதிக்குக் கடையில் நீங்களாக மாத்திரை வாங்காதீர்கள். ஷிகெல்லாவுக்கு ஆன்டிபயாடிக் அவசியம், ஈ.கோலைக்கு அதுவே கெடுதலாகலாம். பேதியைக் கட்டும் மாத்திரையோ கூடவே கூடாது. நியூமோகாக்கஸ் தடுப்பூசி அரசுத் திட்டத்தில் 2017-ல் சில மாநிலங்களில் தொடங்கி, 2021-ல் நாடெங்கும் விரிந்தது, இலவசம்தான்.

எத்தனை முறை பேதி என்று எண்ணும் வீட்டார், எத்தனை முறை சிறுநீர் என்றும் எண்ணட்டும். பேதி நின்ற பின்னும் ஒரு வாரம்.