தூசிக்குள் ஒரு பிரசவம்

மேகம் விலகாத நாட்கள் அதிகம் என்பதால் திருவனந்தபுரம் நட்சத்திரம் பார்க்க உகந்த ஊரல்ல. வலியமலையில் இருக்கும் இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகத்து வானியலாளர்களுக்கு அது பொருட்டுமல்ல. அவர்கள் தேடுவது தெளிந்த வானிலும் கண்ணுக்குப் படாதவை: அடர்ந்த தூசிக்குள் பிறக்கும் ராட்சத நட்சத்திரங்கள். ஒளியைத் தூசி விழுங்கிவிடும்; அகச்சிவப்புக் கதிர், எக்ஸ்ரே, ரேடியோ அலைகள் தப்பி வரும்.

புதிர் இதுதான்: ராட்சத நட்சத்திரத்தின் கடும் ஒளியே, உள்ளே விழும் வாயுவை வெளியே தள்ளும். பிறகு அது எப்படிக் கொழுக்கிறது? சிறிய நட்சத்திரங்களைப் போல, சுற்றிலும் சுழலும் தட்டிலிருந்து வாயுவை இழுத்து, ஒரு பகுதியைத் துருவங்கள் வழியே பீய்ச்சுகிறதா?

தனுசு ராசித் திசையில், சுமார் 5,500 ஒளியாண்டு தொலைவிலுள்ள ஹெச்.ஹெச். 80-81 ஒரு துப்பு. அங்கே பீய்ச்சல் 10 ஒளியாண்டுக்கும் மேல் நீள்கிறது. அது மோதும் இடத்தில் வாயு கொதித்து வீசும் எக்ஸ்ரேயைச் சந்திரா விண்கலம் பதிவு செய்தது (நம் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர்தான்).

வலியமலையின் சரிதா விக் குழு, புனே அருகே 30 ஆன்டெனாக்கள் கொண்ட ரேடியோ தொலைநோக்கியை அதன்மீது திருப்பியது. 2018இல் வெளியான முடிவு: ஒளிவேகத்தை நெருங்கும் எலெக்ட்ரான்கள், காந்தப்புலத்தில் சுழன்றபடி அனுப்பிய அலைகள் அவை. பீய்ச்சலைச் சிதறாமல் பிடித்து வைத்திருப்பது அந்தக் காந்தப்புலமாகவே இருக்கலாம்.