சாம்போர்ன் இல்லம்

சாம்போர்ன் இல்லம் என்பது இலண்டனின் கென்சிங்டன் பகுதியில், 18 ஸ்டாஃபர்ட் டெரஸ் என்னும் முகவரியில் உள்ள விக்டோரியா காலத்து நகர வீடு ஆகும். பஞ்ச் இதழின் கேலிச்சித்திரக் கலைஞரான எட்வர்ட் லின்லி சாம்போர்ன் (1844–1910) 1875 முதல் இறக்கும் வரை இங்கு வாழ்ந்தார்.

வெளித்தோற்றத்தில் இது அண்டை வீடுகளைப் போன்றதே. உள்ளே வில்லியம் மொரிசின் சுவர்த்தாள்கள், வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள், நீலவெள்ளைச் சீனப் பீங்கான்கள், சுவரே தெரியாத அளவுக்கு நெருக்கமாக மாட்டப்பட்ட படங்கள் ஆகியன காணப்படுகின்றன.

சாம்போர்ன் ஒளிப்படங்களைப் பார்த்து வரைபவர். இதழுக்கு வாரந்தோறும் குறித்த நாளில் படம் தர வேண்டியிருந்தமையால், வீட்டாரையும் பணியாளரையும் வேண்டிய நிலையில் நிற்கச் செய்து ஒளிப்படம் எடுத்தார். சிலவேளை தாமே வேடமிட்டு நின்றார். குளியலறை இருட்டறையாகவும் பயன்பட்டது. இவ்வாறு பல்லாயிரம் ஒளிப்படங்கள் சேர்ந்தன. ஒரு வகையில் வீடு முழுவதுமே அவரது பணிக்கூடம் எனலாம்.

அவருக்குப் பின் மகன் ராய், 1946 இல் இறக்கும் வரை, வீட்டைப் பெரிதும் மாற்றாமல் வைத்திருந்தார். வீடு தப்பியதற்கு இதுவே முதற்காரணம். அடுத்து வந்த ஆண்டுகளில் விக்டோரியா காலக் கலை பழம்பாணி என இகழப்பட்டு, அக்காலக் கட்டடங்கள் பல இடிக்கப்பட்டன. இந்நிலையை மாற்ற விரும்பிய சாம்போர்னின் பேத்தி ஆன், 1957 நவம்பரில் இவ்வீட்டிலேயே நண்பர்களைக் கூட்டினார். அதன் பயனாக 1958 இல் விக்டோரியன் சொசைட்டி என்னும் பாதுகாப்புச் சங்கம் உருவானது. இலண்டன் யூஸ்டன் தொடருந்து நிலையத்தின் பழைய நுழைவாயில் இடிக்கப்படுவதைச் சங்கத்தால் தடுக்க இயலவில்லை. செயின்ட் பாங்கிராஸ் நிலையம் காக்கப்பட்டதில் அதற்குப் பெரும் பங்குண்டு.

1980 இல் இல்லம் பெருநகர இலண்டன் மன்றத்துக்கு விற்கப்பட்டு, பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது.