கேன் தண்ணீரோடு ஓர் ஆற்றுக்கு

ஆம்பூரிலிருந்து அமிர்திக்கு ஞாயிற்றுக்கிழமை வந்து நிற்கும் வேன்களில் மூன்று பொருள் தவறாது. டபராவில் பிரியாணி, தூக்குவாளியில் கத்தரிக்காய்த் தொக்கு, இருபது லிட்டர் கேனில் தண்ணீர். டிசம்பர் மாதத்து ஞாயிறு ஒன்றில் நான் போனபோது அப்படி ஏழு வேன்கள் நின்றிருந்தன. பிள்ளைகள் கதவு திறந்ததும் ஆற்றைப் பார்த்து ஓடினார்கள். பெரியவர்கள் கேனைத் தோளில் வைத்து இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஆத்துக்குத்தானே வர்றீங்க, தண்ணியையும் தூக்கிட்டு வரணுமா?" என்று ஒரு பெண்ணிடம் கேட்டேன். ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிறவர். "எங்க போனாலும் கேனோடதான் சார் போவோம். எங்க ஊர்ல தண்ணின்னா கேன்தான். சின்னதுலேர்ந்து அப்படியே பழகிடுச்சு" என்றார். குறையாகச் சொல்லவில்லை. மழைக்குக் குடை எடுப்பதைப் போலச் சொன்னார். அதுதான் எனக்கு உறுத்தியது.

குடும்பத்தோடு ஒரு நாள் போய்வர வேலூர்ப் பக்கம் நல்ல இடம் ஒன்றைப் பற்றி எழுதுங்கள் என்று கேட்டிருந்தார்கள். அமிர்தி நல்ல இடம், சந்தேகமே இல்லை. வேலூரிலிருந்து 25 கிலோமீட்டர். கணியம்பாடி தாண்டிக் கிளைச்சாலையில் திரும்பினால் ஜவ்வாது மலை எதிரே எழுந்து நிற்கும். நஞ்சுகொண்டாபுரத்தைக் கடந்த பிறகு காற்றின் மணமே மாறுகிறது. மலையடிவாரத்தில், ஆற்றை ஒட்டி, 1967இல் தொடங்கிய சிறிய வன உயிரினப் பூங்கா இது. பரப்பு 25 ஹெக்டேர். புள்ளிமான்கள், மயில்கள், முதலைகள், கிளிகள் என்று குழந்தைகளுக்கு இரண்டு மணி நேரம் போவது தெரியாது. மரநிழல் அடர்த்தியானது. கொஞ்சம் நடந்தால் அருவி. மழைக்குப் பிந்தைய மாதங்களில்தான் அதற்கு உயிர். பங்குனி, சித்திரையில் வருகிறவர்கள் பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

ஏலகிரியை விட்டுவிட்டு ஏன் அமிர்தி என்று கேட்கலாம். தமிழ்ப் புலவர்கள், வள்ளல்களின் பெயர் சூட்டிய 14 கொண்டை ஊசி வளைவுகள், புங்கனூர் ஏரிப் படகு, இயற்கைப் பூங்கா எல்லாம் பலமுறை எழுதப்பட்டவை. அங்கே விடுதிகள் பெருகி, மலையே ஒரு டவுன் மாதிரி ஆகிவிட்டது. நாட்டுப்புறத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அமிர்தி சாலைதான் சரி. இரண்டு பக்கமும் நெல், கரும்பு, தென்னை. வரப்பில் கொக்கு. கிணற்று மோட்டார் ஓடும் சத்தம். அந்தக் கிணறுகளில் ஒன்றருகே வண்டியை நிறுத்தி, குழாயில் விழுந்த தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்தேன். இளநீர் மாதிரி இருந்தது என்று சொன்னால் மிகை. தண்ணீர் தண்ணீராக இருந்தது, அவ்வளவுதான். தோல் பதனிடும் ஊர்களான ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டைப் பக்கத்து ஆட்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அது எத்தனை பெரிய விஷயம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

பயணத்தைக் காலையில் ஆம்பூரிலிருந்தே தொடங்கியிருந்தேன். வேலூருக்கு வரும் நெடுஞ்சாலையில் இடது கைப்பக்கம் கூடவே வருவது பாலாறு. கூடவே வருகிறது என்பதை வரைபடத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். கண்ணுக்குத் தெரிவது சீமைக்கருவேல முள், மணல் எடுத்த பள்ளம், இடையிடையே கறுத்துத் தேங்கிய குட்டை. பள்ளிகொண்டாவில் ரங்கநாதர் ஆற்றங்கரையில்தான் பள்ளிகொண்டிருக்கிறார். 2021 நவம்பரில் கரை கொள்ளாமல் வெள்ளம் வந்தது. இந்த ஆற்றுக்கும் இத்தனை அகலம் உண்டா என்று இளம்பிள்ளைகள் பாலத்தில் நின்று படம் எடுத்தார்கள். சில வாரங்களில் அது கடலுக்குப் போய்விட்டது.

நந்தி மலையில் பிறந்து 348 கிலோமீட்டர் ஓடும் பாலாற்றில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டுக்குள்தான். மேலே தண்ணீர் ஓடாத காலத்திலும் மணலுக்கடியில் ஓடிக்கொண்டிருந்த ஆறு இது. கையால் மணலைத் தோண்டினால் ஊற்று வரும். அந்த ஊற்றுகளைக் கால்வாயாக இழுத்து நன்செய் பயிரிட்ட ஊர்கள் வரிசையாக இருந்தன. அந்த ஆற்றங்கரையில் இருக்கும் வேலூரும் ஆம்பூரும் இன்று குடிநீருக்கு, மேட்டூர்ப் பக்கமிருந்து குழாயில் வரும் காவிரியை எதிர்பார்க்கின்றன.

நான் பேசிய பெண் வந்த வேனில் ஒரு பெரியவர் இருந்தார். பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், நாற்பது வருடம் வேலை பார்த்தவர். மான் கூண்டைத் திரும்பிப் பார்க்காமல் மலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "கடுக்காயெல்லாம் இங்கேர்ந்துதான் தம்பி வரும்" என்றார். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினோம்.

ஆவாரம்பட்டை, கொன்னம்பட்டை, கடுக்காய். இந்த மூன்றும்தான் ஒரு காலத்தில் இந்த வட்டாரத்துத் தோலைப் பதனிட்டன. ஆவாரை புஞ்சைக் காட்டில் தானாக வளரும். கடுக்காயை ஜவ்வாது மலைவாழ் மக்கள் பொறுக்கி மூட்டையாக இறக்குவார்கள். குழியில் பட்டைத் தண்ணீரில் தோல் வாரக்கணக்கில் ஊறும். மலை, காடு, ஊர், தொழில் எல்லாம் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன. மலையை மொட்டையடித்தால் தோல் ஷாப்புக்கும் நஷ்டம். அந்தத் தோல் பாதிப் பதத்தில் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போனது.

1970களில் அரசின் ஏற்றுமதிக் கொள்கை மாறியது. பாதிப் பதத் தோலுக்குக் கட்டுப்பாடு வந்தது. முழுதாக முடித்த தோலாக, செருப்பாக, ஷூவாக அனுப்பினால்தான் லாபம் என்றானது. குரோமியம் உப்பு உள்ளே வந்தது. பட்டையில் வாரக்கணக்கில் ஆன வேலை, டிரம்மில் ஒரே நாளில் முடிந்தது. நீல நிறத்தில் வெளியே வரும் அந்தத் தோலை வெட் ப்ளூ என்பார்கள். தொழிலுக்கும் மலைக்கும் இருந்த முடிச்சு அதோடு அவிழ்ந்தது என்றே நான் நினைக்கிறேன். மலையிலிருந்து எதுவும் தேவையில்லை. ஆற்றிலிருந்து தண்ணீர் மட்டும் போதும்.

குரோமியத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய கவலை, சமையலறையில் இருக்கும் அதே உப்பு. பச்சைத் தோல் அழுகாமலிருக்க 100 கிலோவுக்கு 40 கிலோ வரை உப்புப் போடுகிறார்கள். ஷாப்புக்கு வந்ததும் முதல் வேலை, ஊறவைத்து அந்த உப்பைக் கழுவி எடுப்பது. அந்த வேலையும் உப்பும் பட்டைக் காலத்திலும் உண்டுதான். ஆனால் ஷாப்புகள் நூற்றுக்கணக்காகப் பெருகி, டிரம்கள் இரவு பகலாகச் சுற்றியபோது, மண் தாங்கும் அளவைத் தாண்டிவிட்டது. முடித்த தோல் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. மற்ற அழுக்கை நுண்ணுயிர் தின்னும், சுண்ணாம்பு போட்டால் படியும். உப்பு எதற்கும் மசியாது. தண்ணீரோடு மண்ணுக்குள் இறங்கும், கிணற்றில் ஏறும், பாய்ச்சினால் வயலில் வெள்ளையாகப் பூக்கும். தென்னங்காய் சிறுத்துப்போகும். நெல் பதராகும். மாடு வாய் வைத்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும்.

1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த அந்தத் தீர்ப்பைச் சட்டம் படிக்கிற பிள்ளைகள் இந்தியா முழுக்க மனப்பாடம் செய்கிறார்கள். வேலூரின் பெயரிலேயே அந்த வழக்கு நிற்கிறது. தோல் ஷாப்புகள் உள்ள வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிருக்கு லாயக்கற்றுப் போனதாக அதில் எழுதப்பட்டிருக்கிறது. கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. பிறகு 2001இல் வேலூர்ப் பகுதியின் 29,193 குடும்பங்களுக்கு 26.82 கோடி ரூபாய் இழப்பீடு என்று முடிவானது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். குடும்பத்துக்குச் சராசரியாக 9,200 ரூபாய்கூட வரவில்லை. ஒரு கிணற்றைத் தூர்வாரக்கூட அது காணாது. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாற்றுக்கு வந்து, சேதம் சரியாகும்வரை கெடுத்தவரின் பொறுப்பு தொடரும் என்று சொன்னது. அந்த வரியை நான் மூன்று முறை படித்தேன்.

இந்தத் தொழில்தான் பல ஆயிரம் பெண்களுக்கு மாதச் சம்பளம் தருகிறது, இப்போது கழிவுநீரை வெளியே விடாமல் மறுசுழற்சி செய்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். உண்மைதான். ஆனால் நீரை ஆவியாக்கிய பிறகு மிஞ்சும் உப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்ற கேள்வி குவியல் குவியலாக நிற்கிறது. முப்பது, நாற்பது ஆண்டுகளாக மண்ணுக்குள் போனதும் அங்கேயேதான் இருக்கிறது.

அமிர்தியில் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், இந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். அமிர்திக் காட்டில் சேர்ந்து இறங்கும் நீர் நாகநதியாகிக் கண்ணமங்கலம் பக்கம் போகிறது. கமண்டல நாகநதி என்ற பெயரோடு ஆரணியைக் கடந்து செய்யாற்றில் கலக்கிறது. செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றைத் தொடுகிறது. அதாவது மலையிலிருந்து இறங்கும் இந்த நல்ல தண்ணீர், இந்தத் தோல் ஊர்கள் அத்தனையையும் சுற்றிக்கொண்டு போய், அவற்றுக்கெல்லாம் கீழேதான் பாலாற்றைச் சந்திக்கிறது. ஆம்பூர்ப் பிள்ளை ஓடுகிற ஆற்றைப் பார்க்க வேண்டுமானால் டிக்கெட் வாங்கிக்கொண்டு பக்கத்து ஆற்றின் படுகைக்குத்தான் வர வேண்டும்.

அந்தப் பக்கத்து ஆறும் செத்துப் பிழைத்ததுதான். நாகநதி பல ஆண்டுகள் வறண்டு கிடந்தது. 2014க்குப் பிறகு நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் ஆற்றிலேயே குழி தோண்டி, சிமெண்ட் உறைகளை இறக்கி, மழைநீர் மண்ணுக்குள் போக வழி செய்தார்கள். மலைச்சரிவு ஓடைகளில் கல்லடுக்கித் தண்ணீரின் வேகத்தைக் குறைத்தார்கள். வழியில் நான் குடித்த கிணற்றுத் தண்ணீரில் அவர்கள் கைவேலையும் இருக்கக்கூடும். எனக்குத் தெரிந்து இந்த வட்டாரத்தில் அண்மையில் நடந்த மிக நல்ல காரியம் இது. பூங்காவின் நுழைவாயிலில் அந்தப் பெண்கள் செய்த வேலையைச் சொல்ல ஒரு பலகையாவது வைக்கலாம். மானையும் மயிலையும் பார்த்துவிட்டுப் போகிற பிள்ளைக்கு, ஆறு எப்படி ஓட ஆரம்பித்தது என்பதும் தெரியட்டும்.

சாப்பாட்டு நேரத்தில் பாய் என்னையும் உட்கார வைத்தார். சீரகச் சம்பா பிரியாணி. தொக்கில் கத்தரிக்காய் வெண்ணெயாகக் கரைந்திருந்தது. அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடியில் விளையும் முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பற்றிப் பேச்சு வந்தது. காம்பிலும் இலையிலும் முள், உள்ளே தனி ருசி. உப்புத் தண்ணீரில் அந்த ருசி வருமா என்று கேட்டேன். "செடி வந்தாத்தானே தம்பி ருசி வர்றதுக்கு" என்றார் பாய். இலவம்பாடிக்கும் ஆம்பூருக்கும் நடுவில் அதிக தூரம் இல்லை. நிலத்தடி நீருக்கு ஊர் எல்லை கிடையாது என்பதுதான் என் பயம். இன்றைக்கு நல்ல கிணறு இருக்கிற ஊர்களின் பட்டியலை யாராவது எழுதி வைத்து, ஆண்டுக்கு ஒரு முறையாவது உப்பை அளந்து, ஊராட்சிச் சுவரில் எழுதிப்போட வேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே செய்யக்கூடிய வேலை. அளக்கும் கருவி சட்டைப்பையில் அடங்கும்.

மாலை ஐந்து மணிக்கு வேன்கள் கிளம்ப ஆயத்தமாயின. அப்பர் தைக்கும் அந்தப் பெண் காலியான கேனை ஆற்றில் இரண்டு முறை அலசினார். கல்லிடுக்கில் தெளிவாக ஓடிய இடமாகப் பார்த்துக் கேனைச் சாய்த்துப் பிடித்தார். நிரம்ப வெகுநேரம் ஆயிற்று. டிரைவர் ஹாரன் அடித்தார்.

"வீட்டுக்கா?" என்றேன்.

"எங்க மாமியாருக்கு சார். நடக்க முடியாது, அதனால வரல. சின்ன வயசுல பாலாத்துல ஊத்துத் தோண்டிக் குடிச்சாங்களாம். ஆத்துத் தண்ணி ஒரு சொம்பு கொண்டா, குடிச்சு எத்தனையோ வருஷமாச்சுன்னாங்க."

மூடியை இறுக்கித் திருகி, கேனை இடுப்பில் வைத்துக்கொண்டு வேனை நோக்கி நடந்தார்.