சுடாத மின்னல்

கண்ணுகளா, பெரியநாயக்கன்பாளையத்தில் மேட்டுப்பாளையம் ரோட்டுப் பட்டறைகளைத் தாண்டும்போது, "வெல்டிங் வெளிச்சத்தைப் பாக்காதே!" என்று அம்மா அதட்டுவார். அதட்டுவது சரி. கண்ணைக் கெடுக்கும் வெளிச்சம் அது; இரும்பையே உருக்கும் சூடு. அங்கே மின்சாரம் வாயுவுக்குள் பாய்ந்து, அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்துவிடுகிறது. இப்படிப் பிய்ந்த வாயுவுக்கு 1928இல் பிளாஸ்மா என்று பெயர் வைத்தவர் இர்விங் லாங்முயர். குருடிமலை மேல் வெட்டும் மின்னலும் பிளாஸ்மாதான்.

ஆனால் விரலில் பட்டாலும் சுடாத பிளாஸ்மாவும் உண்டு! எப்படி?

அம்மிக்கல் மேல் ஒரு கோலிக்குண்டை எறிந்து பாருங்கள். குண்டு துள்ளி ஓடும், அம்மி அசையாது. எலக்ட்ரான் கோலிக்குண்டை விடவும் மோசம். அணுவின் நடுவிலுள்ள ஒரேயொரு புரோட்டானே அதைப்போல 1,836 மடங்கு கனம். மின்சாரத்தை நொடியில் மிகச் சிறு பங்கு நேரத்துக்கு மட்டும் விட்டுவிட்டுக் கொடுத்தால், எலக்ட்ரான்கள் பல்லாயிரம் டிகிரிச் சூட்டில் பறக்கும். வாயுவோ அம்மி மாதிரி, கிட்டத்தட்ட அறைச் சூட்டிலேயே இருக்கும். இதுதான் குளிர் பிளாஸ்மா.

இந்தக் குளிர் பிளாஸ்மா பட்டால் பாக்டீரியா செத்துப்போகும். சுடவில்லை என்றால் அது எப்படிச் சாகிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பறக்கும் எலக்ட்ரான்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் ஈரத்தையும் உடைக்கின்றன. ஓசோன் போன்ற துடிப்பான பொருள்கள் பிறக்கின்றன. ரொம்ப நாள் வைத்த கடலை எண்ணெயில் காறல் வாடை அடிக்குமே, அது ஆக்சிஜன் கொழுப்பைத் தாக்கியதால் வருவது. பாக்டீரியாவின் மேலுறையிலும் கொழுப்பு இருக்கிறது. எண்ணெயில் மாதக்கணக்கில் நடப்பது இங்கே சில நிமிடங்களில் நடந்து, உறை ஓட்டையாகி, உள்ளே இருப்பது வெளியே ஒழுகிவிடும். நாம் மூச்சுவிடும் அதே காற்று, மருந்தாகிவிட்டது!

இப்படிக் குளிர் பிளாஸ்மாவால் ஓசோன் உண்டாக்கும் மின்குழாயை வெர்னர் சீமென்ஸ் 1857லேயே செய்துவிட்டார். ஆனால் ஆறாத புண்ணின் மேல் பிடிக்கும் பேனா அளவுக் குளிர் பிளாஸ்மா கருவிக்கு ஜெர்மனியில் அனுமதி கிடைத்தது 2013இல்தான். நம் பக்கத்துச் சேலத்தில், சோனா தொழில்நுட்பக் கல்லூரியின் இயற்பியல் துறை, குளிர் பிளாஸ்மாவால் பிளாஸ்டிக் பரப்புகளை மாற்றியும் சாயத் தண்ணீரைத் தெளியவைத்தும் ஆராய்ந்திருக்கிறது. சாயப்பட்டறைகள் உள்ள திருப்பூர்க்காரர்களுக்குத் தெளிந்த தண்ணீரின் அருமை தெரியும்.

வீட்டில் செய்து பார்க்க மட்டும் ஆசைப்படாதீர்கள். அதற்கு ஆயிரக்கணக்கான வோல்ட் வேண்டும். அளவு மிஞ்சினால் நம் தோலும் புண்ணாகும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கழுவாத தண்ணீர்க் குடத்தின் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள், வழுவழுவென்று இருக்கும். பாக்டீரியாக்கள் கூட்டமாகக் கட்டிய வீடு அது. நாள்பட்ட புண்ணிலும் இப்படிக் கட்டும். பிளாஸ்மாவின் வேலை மேற்பரப்போடு சரி. தடித்த வழுவழுப்புக்குள் ஆழமாகப் போக முடியாது. அதனால் டாக்டர் முதலில் புண்ணைச் சுத்தமாக்கிவிட்டு, அப்புறம்தான் அந்தப் பேனாவை எடுப்பார்.